மேல காத்து நல்லாத்தான் இருந்துச்சு

அந்தப் போனுக்கு யாருங்க இந்தக் கவரைப் போட்டுக் குடுத்தது? தப்பா நெனைக்காதீங்க. பக்கத்துல உக்காந்து பாத்துட்டே வந்தேன், மனசு கேக்கல. மூலையில விண்டு போயிருக்குது பாருங்க. கேமராவைச் சுத்தி வரம்பே இல்லை. கீழ விழுந்தா கண்ணாடிதான் மொதல்ல தரையில படும். இந்த மாதிரிக் கவரெல்லாம் பாக்கறதுக்குப் பளபளன்னு இருக்கும், காப்பாத்தாது. திருப்பூர்ல எறங்கினதும் நம்ம கடைக்கு வாங்க. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கிட்டு மொபைல்ஸ்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க. சொல்லிட்டு ஒரு மாதிரி சிரிப்பாங்க. அதைக் கண்டுக்காம வந்துருங்க.

கிட்டுசாமிங்கறது என்ற பேரு. தாராபுரத்துல ஒரு சோலியா வந்தேனுங்க. வந்த சோலி நடக்கல. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு டீ குடிச்சேன், ஒண்ணு மேல ஒண்ணு, சக்கரை தூக்கலாப் போட்டு. அப்படியும் தலைவலி போகல. யாருகிட்டயாவது சொன்னாத்தான் போகும் போல இருக்குது. நீங்க வெளியூருன்னு பாத்தாலே தெரியுது. உங்ககிட்டச் சொல்லலாம். திருப்பூர்க்காரனுக ஆளாளுக்கு ஒரு கதையை மனசுல வெச்சிருக்கானுக, அவனுககிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

நான் வெறும் கடைக்காரன் இல்லீங்க. எலக்ட்ரானிக்ஸ்ல டிப்ளமோ படிச்சிருக்கறேன். கோயமுத்தூர்ல ஃபேனுக்கு ரிமோட்டு பண்ற கம்பெனியில கொஞ்ச வருசம் இருந்தேன். அங்க மேல இருக்கறவன் சொல்றதை மட்டும்தான் பண்ணோணும், நமக்கா ஒண்ணு தோணுச்சுன்னா அதைச் சொல்றதுக்கு எடமில்லை. உட்டுட்டு வந்து கடை போட்டேன். முன்னால சார்ஜரு, ஹெட்போனு, டெம்பர் கிளாஸ். பின்னால ஒரு தடுப்பு, அதுக்குள்ள ஒரு மேசை, சால்டரிங் அயர்ன். அதுதான் என்ற உலகம்.

எத்தனையோ பண்ணியிருக்கறேன். பஸ்ல எவனாவது பாக்கெட்டுல இருந்து போனை உருவுனா அதுவா கத்தற கவர் பண்ணேன். அதை வாங்கிட்டுப் போனவரு சட்டையைக் கழட்டறப்பெல்லாம் கத்துச்சுன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. அப்பறம் தண்ணிக்கு ஒண்ணு. எங்க ஊருல குழாத்தண்ணி எப்ப வரும்னு முனிசிபாலிட்டிக்கே தெரியாது, பொம்பளைங்க தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுக் காவக் காப்பாங்க. நான் சின்னதா ஒரு சென்சாரு, குழா வாயில ஒட்டி வெச்சாப் போதும், தண்ணி வந்ததும் ஒயர் கியர் இல்லாம உங்க போனு அடிக்கும். எங்க தெருவுல எல்லாரும் வாங்குனாங்க. தண்ணி வர்றதுக்கு முன்னால குழாயில காத்து வரும் பாருங்க, அதுக்கும் அடிச்சுருச்சு. வரிசையா எல்லா வீட்டுலயும் போனு அடிக்குது, கொடத்தைத் தூக்கிட்டு ஓடி வர்றாங்க, சொட்டுத் தண்ணியில்லை. ஒரு மாசம் என்னை மொறச்சுப் பாத்தாங்க. ஆனா சென்சாரு தப்புப் பண்ணலீங்க. குழாயில ஏதோ வருதுன்னு அது சொல்லுச்சு, வந்தது காத்து. அதை யாரு புரிஞ்சுக்கறாங்க?

இப்பச் சொல்லப் போறதும் காத்து சங்கதிதான்.

திருமூர்த்தின்னு ஒருத்தன் கடைக்கு வருவான். செப்டிக் டேங்க் லாரியில வேலை. நல்ல பையன், முப்பது முப்பத்தஞ்சு வயசிருக்கும், நீங்க வாங்கன்னு மரியாதையா பேசுவான். கண்ணாடி ஒட்டறதுக்கோ ஒயர் வாங்கறதுக்கோ வந்தா வெளியவே நின்னு கையை நீட்டிப் போனைக் குடுப்பான். உள்ள வராதேன்னு நான் ஒருநாளும் சொன்னதில்லீங்க. வாடான்னும் சொன்னதில்லை, கடை சின்னது.

ஒருநா அவனும், அவன்கூட வேலை பண்ற கனகும் வந்திருந்தாங்க. கனகுக்குக் கொரலு கட்டிப் போயி பேச்சே வரல. என்னடான்னு கேட்டதுக்குத் திருமூர்த்திதான் சொன்னான். லாரிப் பைப்பு மேல இருக்கற தண்ணியைத்தான் உறிஞ்சுமாம். அடியில கெட்டியா நிக்கறதை அள்ளறதுக்கு ஆளுதான் எறங்கோணும். எறக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்க, எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும், எறக்கறவனுக்கும் தெரியும். எறங்கறவன் இடுப்புல கவுறு கட்டியிருக்கும். மேல நிக்கறவன் அவன் பேரைச் சொல்லிக் கூப்புட்டுட்டே இருக்கோணும், கீழ இருக்கறவன் ஓன்னு கொரல் குடுத்துட்டே இருக்கோணும். கூப்புட்டு ஓ வரலீன்னா உடனே கவுத்தை இழுத்துரோணும். கீழ வெசக்காத்து இருந்தா ஆளு கத்தக்கூட மாட்டானாம், அப்படியே உக்காந்துருவானாம். அதனால பேச்சை மட்டும் நிறுத்தவே கூடாதுன்னான். அன்னிக்குப் பூராக் கூப்புட்டுக் கூப்புட்டுத்தான் கனகுக்குத் தொண்டை போச்சு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. இந்தக் காலத்துல மாடு ஓட்டற மாதிரி கத்திக்கிட்டு நிக்கறாங்களேன்னு. கையில போனு இருக்குது, போனுக்குள்ள பேட்டரி இருக்குது, சத்தம் போட ஸ்பீக்கரு இருக்குது. ஒரு சென்சாரு இருந்தாப் போதாதா? அன்னிக்கு மத்தியானம் சோறு எறங்கல எனக்கு. அந்த மாதிரி ஒண்ணு தலைக்குள்ள வந்து உக்காந்துட்டா நான் மனுசனா இருக்க மாட்டேன்னு என்ற சம்சாரம் சொல்லும்.

நம்ம ஆளுக தனியா ஒரு கருவி குடுத்தா வாங்க மாட்டாங்க, வாங்குனாலும் வீட்டுல வெச்சுட்டு வந்துருவாங்க. ஆனா போனை யாரும் மறக்க மாட்டாங்க. அதனால போனுக்குப் போடற கவருலயே சென்சாரை வெச்சேன். சார்ஜும் போன்ல இருந்தே எடுத்துக்கும். காத்து நல்லா இருந்தாப் பச்சை எரியும், கெட்டுப்போச்சுன்னாச் செவப்பு, கூடவே ஊரே கேக்கற மாதிரி கத்தும். மேல நிக்கறவன் போனுக்கும் தகவல் போயிரும். அழுகின முட்டையில வர்றதும் அதே மாதிரிக் காத்துதானுங்க, அதைக் கிண்ணத்துல வெச்சு மூடித் தெறந்து தெறந்து சோதிச்சேன். வீடே நாறிப் போயி, சம்சாரம் அவங்கம்மா வீட்டுக்குப் போயிருச்சு. நான் முட்டையும் கவருமா உக்காந்திருந்தேன். ஒரு தடவைகூட ஏமாத்தலீங்க அது. மூடியைத் தெறந்தாக் கத்தும், மூடுனா நிறுத்தும். அதைப் பாக்கறப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, முட்டை நாத்தத்துல இல்லீங்க.

திருமூர்த்தியோட போன் அளவுக்குத்தான் மொதல் பீசைப் பண்ணேன். அவனுக்கு ஒரே சந்தோசம். போட்டுக்கிட்டு அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பிப் பாத்தான். எனக்காகவாங்கண்ணா பண்ணீங்கன்னு கேட்டான். ஆமாண்டா, இனிமே நீங்க கத்த வேண்டியதில்லை, இது கத்தும்னேன். கனகு மட்டும் எதுக்கும் கூப்புடறதை உடக்கூடாதுங்கண்ணான்னு முனகுனான். சில பேரு அப்படித்தான். புதுசா ஒண்ணு வந்தா நம்ப மாட்டாங்க.

அந்தச் சமயத்துல கோயமுத்தூர்ல ஒரு காலேஜுல கண்டுபிடிப்புக் கண்காட்சி வெச்சாங்க. அதுல நம்ம கவரையும் வெக்கலாம்னு சேத்துக்கிட்டாங்க. அங்க வர்ற ஒரு கம்பெனிக்காரரு, பேரு வேண்டாம், நல்லா இருந்தா நாங்களே ஆயிரக்கணக்குல போட்டுத் தர்றோம்னு போன்ல பேசுனாரு. ஆனா கவரை மட்டும் கொண்டு வந்தாப் பத்தாது, நெசமாவே வேலை நடக்கற எடத்துல எடுத்த வீடியோவும் வேணும்னாரு. நியாயந்தானுங்களே? மேசை மேல முட்டையை வெச்சுக் காட்டுனா யாரு நம்புவா?

அப்பத்தான் ஒரு பனியன் கம்பெனி ஆஸ்டல்ல டேங்க் சுத்தம் பண்ற வேலை வந்துச்சு அவங்களுக்கு. வெளியூர்ப் பொண்ணுங்க தங்கற ஆஸ்டல், பெரிய டேங்க். நானும் போனேன். நல்ல வெயில் அடிக்கற காலை நேரம், வீடியோவுக்கு வெளிச்சம் நல்லா இருந்துச்சு. மூடியைத் தெறந்தாங்க. நாத்தம் எனக்குத் தாங்கல, கர்ச்சீப்பை மூக்குல கட்டிக்கிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னேன். அவங்க ரெண்டு பேரும் குழியோரத்துலயே நின்னு ஆளுக்கொரு பீடி குடிச்சாங்க.

மொதல்ல போனைக் கவுத்துல கட்டி உள்ள எறக்கறது. அது பச்சை காட்டினா அப்பறம் ஆளு எறங்கறது. இதுதான் நாங்க பேசி வெச்சிருந்தது. நான் பேசி வெச்சிருந்ததுதானுங்க இது, கேட்டுக்குங்க. ஆனா ஒண்ணு. கண்காட்சிக்கு இன்னும் ரெண்டு மூணு நாள்தான் இருந்துச்சு, என்ற கையில அந்த ஒரே ஒரு பீசுதான். அதனால திருமூர்த்திகிட்ட, பாத்துடா, சேத்துல முக்கிறாதே, நனைஞ்சுதுன்னா எல்லாம் போச்சுன்னேன். யாரா இருந்தாலும் சொல்றதுதானுங்களே அது? அவன் சிரிச்சுட்டே, அப்ப மேலயே இருக்கட்டுங்கண்ணா, இங்கதான் பச்சை எரியுதேன்னு போனைத் தொடைச்சு, அவன் சட்டையை மடிச்சு அது மேல வெச்சான். குழிக்குள்ள எறங்கறவன் சட்டையையும் போனையும் மேல வெச்சுட்டுத்தான் எறங்குவான்னு எனக்கு அப்பத்தானுங்க தெரிஞ்சுது. எத்தனையோ வருசமா அவங்க பழக்கமே அதுதானாம். சட்டை ஒண்ணுதான் இருக்கும், போன் தவணையில வாங்குனது, ரெண்டையும் யாரு அந்தச் சாக்கடைக்குள்ள கொண்டுட்டுப் போவா? அதை ஒருத்தன் எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கோணுமில்லீங்களா?

மேல வெக்கச் சொல்லி நான் சொல்லலீங்க. வேண்டாம்னும் சொல்லல. சொல்றதுக்குள்ள நான் பேச ஆரம்பிச்சுட்டேன். கர்ச்சீப்பைக் கழட்டிட்டு, என்ற போனை மதில் மேல சாய்ச்சு வெச்சு, அது முன்னால நின்னு, வணக்கம், என் பெயர் கிட்டுசாமின்னு ஆரம்பிச்சாச்சு. வீடியோவுல பேசறது அவ்வளவு லேசு இல்லீங்க. ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். நடுவுல நிறுத்துனா மறுபடியும் மொதல்ல இருந்து பேசோணும். அவன் அங்கிருந்து, எறங்கட்டுங்களாண்ணான்னு கேட்டான். நான் பேச்சை உடாம தலையை மட்டும் ஆட்டுனேன்.

எறங்கிட்டான்.

கனகு அவன் பழக்கத்துக்குக் கூப்புட ஆரம்பிச்சான். திருமூர்த்தீ. கீழ இருந்து ஓன்னு வந்துச்சு. எனக்கு இங்க பேச்சு கெடுது. இவ்வளவு பெரிய கருவியைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கறப்பப் பின்னால ஒருத்தன் பழைய மாதிரியே கத்திக்கிட்டு நின்னா, பாக்கறவன் என்ன நெனைப்பான்? கையைக் காட்டுனேன், சும்மா இருன்னு. கனகு என்னைப் பாத்தான், சட்டை மேல இருந்த போனைப் பாத்தான். பச்சை எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டான்.

நான் பேசி முடிச்சேன். நல்லாத்தான் பேசுனேன், ஒரு எடத்துலகூடத் தடுமாறல. இனி எந்தக் குடும்பமும் அழ வேண்டியதில்லைன்னு முடிச்சு, கையெடுத்துக் கும்புட்டேன். திரும்பிப் பாத்தா கனகு போனையே வெறிச்சுப் பாத்துட்டு நிக்கறான். என்னடான்னேன். கவுறு ஆடலீங்கண்ணான்னான்.

அப்பறம் கூப்புட்டோம். ரெண்டு பேரும் சேந்து கூப்புட்டோம். இழுத்தோம். சேத்துல ஊறுன ஆளை மேல கொண்டு வர்றது லேசு இல்லீங்க. கனகு கவுத்தை உட்டுட்டு உள்ள குதிக்கப் போனான், நான்தான் இடுப்பைக் கட்டிப் புடிச்சு நிறுத்துனேன். கடிச்சான் என்னை, இங்க பாருங்க, கையில தழும்பு. அன்னிக்கு அவனை நான் உட்டிருந்தா ரெண்டாவது ஆளும் போயிருப்பான். ஒரு உசுரு என்னாலதான் நின்னுச்சு. அதை யாராவது பேசறாங்களா?

மேல கொண்டு வந்து போட்டோம். ஆஸ்டல் வாட்ச்மேன் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணான். கனகு நெஞ்சுல அமுக்கி அமுக்கிப் பாக்கறான், வாயில வாயை வெச்சு ஊதறான், திருமூர்த்தி திருமூர்த்தின்னு கூப்புடறான். அவ்வளவு கொரலு அவனுக்கு அப்ப எங்கிருந்துதான் வந்துச்சோ. நான் என்ன பண்றதுன்னு தெரியாம நின்னேன். கீழ என்னதான் இருக்குதுன்னு தெரியோணுமில்லீங்களா? சேறு அள்ளற வாளிக் கவுத்துல அந்தப் போனைக் கட்டி உள்ள எறக்குனேன். கொஞ்சந்தானுங்க எறக்குனேன். கத்துச்சு பாருங்க. செவப்பு எரிஞ்சு, அந்த ஆஸ்டல் மூணு மாடிக்கும் கேக்கற மாதிரி. பொண்ணுங்கெல்லாம் ஜன்னல்ல எட்டிப் பாத்தாங்க.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. அவன் அங்க கெடக்கறான், இது கத்துது, எனக்கு மனசுக்குள்ள ஒரு ஓரமா சந்தோசமா இருந்துச்சுங்க. வேலை செய்யுதேன்னு. அதை மட்டும் வீடியோ எடுக்கல. அந்த அளவுக்கு நான் மோசமான ஆளு இல்லை.

போலீசு வந்தாங்க. கம்பெனி மேனேஜரையும் லாரி ஓனரையும் புடிச்சாங்க. என்ற வீடியோவை வாங்கி முழுசும் பாத்தாங்க. இன்ஸ்பெக்டரு போனைத் திருப்பிக் குடுத்தாரு. அப்பறம், உன்மேல கேஸ் இல்லைய்யா, உன்னைச் சாட்சியாத்தான் போட்டிருக்கறோம், நீ போன்னாரு. சட்டமே சொல்லிருச்சு. ஆனா ஊருக்காரனுக உடறானுகளா? சாவுக் கவருன்னு பேரு வெச்சுட்டானுக. பேப்பர்ல போட்டதும் கண்காட்சிக்காரங்க இப்போதைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. அந்தக் கம்பெனிக்காரரு போனே எடுக்கறதில்லை. சம்சாரம் சோறு போடும், பேசாது. ஒருநா மட்டும், உங்களுக்கு அந்த ஆளு பேரைச் சொல்லிக் கூப்புடக்கூடத் தோணலையான்னு கேட்டுச்சு. நான் அதுக்குத் தெளிவா வெளக்கிச் சொன்னேன், சென்சாரு மேல இருந்தா மேல இருக்கற காத்தைத்தான் சொல்லும்னு. மேல காத்து நல்லாத்தான் இருந்துச்சு. பச்சை காட்டுச்சு. அதுல பொய் எங்க இருக்குது? சம்சாரம் எந்திரிச்சு உள்ள போயிருச்சு.

அதுக்கப்பறம் புதுசா ஒண்ணு பண்ணேனுங்க. இந்தப் பையிலதான் இருக்குது. இது கவரு இல்லை, கழுத்துல மாட்டிக்கறது. தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது. போனை மேல வெச்சுட்டுத்தான் எறங்குவாங்கன்னு இப்பத் தெரிஞ்சு போச்சில்லீங்களா, அதுக்குத் தகுந்த மாதிரி பண்ணிட்டேன். ஆனா யாருகிட்டக் கொண்டு போனாலும் என்ற பேரைக் கேட்டதும் ஆளை உடுங்கன்னு கையெடுத்துக் கும்புடறாங்க. அதனாலதான் இன்னிக்கு இங்க வந்தேன். திருமூர்த்தி சம்சாரம் வசந்தாமணி அவங்கம்மா வீட்டோட வந்து இருக்குது, தாராபுரம் பக்கம் காலனியில. அந்தப் பொண்ணு என்ற போன் முன்னால நின்னு, எங்க வீட்டுக்காரரு கருவியை மேல வெச்சுட்டு எறங்கிட்டாரு, கருவி மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நெசந்தானுங்களே அது? நெசத்தைத்தான் சொல்லச் சொல்றேன்.

வீட்டுல வெளிய கட்டில் போட்டு உக்கார வெச்சாங்க. மரியாதைக்கு ஒண்ணும் கொறையில்லை. டீ போட்டுக் கொண்டு வந்துச்சு. எனக்குச் சக்கரை வியாதி அம்மிணின்னு சொல்லிட்டேன். டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டு வந்து நின்னுச்சு. கொழந்தை ஒண்ணு, பொட்டப் புள்ளை, சுவத்தோரமா ஒட்டிக்கிட்டு என்னையே பாத்துச்சு. நான் எல்லாத்தையும் வெவரமாச் சொன்னேன். புதுசை எடுத்துக் காட்டுனேன். இது வந்துட்டா இனிமே உன்ற மாதிரி எந்தப் பொண்ணுக்கும் இந்த நெலமை வராது, அது உன் கையிலதான் இருக்குது அம்மிணின்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிச்சு. முடியாதுன்னு சொல்லல. அழுகல. சண்டைக்கு வரல. சண்டைக்கு வந்திருந்தாக்கூட நான் பதில் சொல்லியிருப்பேன், அதுக்கெல்லாம் தயாராத்தான் போனேன்.

கேட்டுட்டு, "அன்னிக்கு எடுத்த வீடியோ இருக்குதுங்களாண்ணா?"ன்னுச்சு.

எனக்குத் தெம்பு வந்துருச்சுங்க. இருக்குது அம்மிணி, பாரு, பாத்தா உனக்கே புரியும்னு எடுத்துக் குடுத்தேன். அது பாக்கல. ஓட உட்டுட்டுப் போனைக் காதுல வெச்சுக்கிச்சு. நான் பேசறதெல்லாம் எனக்கும் லேசாக் கேக்குது. கொஞ்ச நேரம் போனதும் மறுபடியும் மொதல்ல இருந்து வெக்கச் சொல்லுச்சு. வெச்சேன். அந்த எடம் தாண்டினதும் மறுபடியும் வெக்கச் சொல்லுச்சு. எந்த எடம்னு எனக்கு மூணாவது தடவைதான் புரிஞ்சுது. கனகு கூப்புடறான், கீழ இருந்து திருமூர்த்தி ஓன்னு கொரல் குடுக்கறான். அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்குது.

"அவரு கொரலு வேற எதுலயும் இல்லீங்கண்ணா"ன்னு சொல்லுச்சு. "போன்ல பேசி அனுப்பற பழக்கமெல்லாம் அவருக்கு இல்லை. கல்யாணத்துக்கும் வீடியோ எடுக்கலை. இது ஒண்ணுதான். பாப்பாவுக்கு வேணும். நீங்க பேசறதை எடுத்துட்டு, அந்த ஓவை மட்டும் வெட்டிக் குடுப்பீங்களாண்ணா?"

இது என்ன பெரிய காரியம், இப்பவே பண்ணித் தர்றேன்னேன். இந்த மாதிரி வேலையெல்லாம் எனக்கு வெரல் நுனியில. அங்கயே கட்டில்ல உக்காந்து போன்ல வெட்டிப் பாத்தேன். வெட்ட வரலீங்க. அவன் ஓன்னு சொல்ற அதே எடத்துல நான், இதுக்குத் தனி பேட்டரி தேவையில்லைன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். என்ற கொரலு கிட்டத்துல, அவன் கொரலு குழிக்குள்ள இருந்து. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. என்ற கொரலைக் கொறச்சா அவனும் சேந்து கொறையறான். என்றதை எடுத்தா அவன் சுத்தமாக் காணாமப் போயிடறான். என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். கொழந்தை கிட்ட வந்து நின்னு, எங்கப்பாவை எடுத்துட்டீங்களான்னு கேக்குது. கடையில இருக்கற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கறேன்னு சொல்லலாம்னு பாத்தேன், அதுலயும் வராதுன்னு எனக்குத் தெரியும். வராது அம்மிணின்னு சொல்லிட்டேன்.

அந்தப் பொண்ணு கொழந்தையைக் கிட்ட இழுத்து அணைச்சுக்கிச்சு. அப்பறம், "பரவால்லீங்கண்ணா, நீங்க பேசறதோடயே குடுத்துருங்க, நாங்க கேட்டுக்கறோம்"ன்னுச்சு.

நான் கேக்க வந்ததை அதுக்கப்பறம் எப்படிங்க கேக்கறது? பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பஸ் ஏறினதும் மொத வேலையா அதை வாட்ஸப்புல அனுப்பி உட்டேன். ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு, நீங்களே பாருங்க.

இந்நேரம் நான் அந்த வீட்டுல பேசிக்கிட்டு இருப்பேனுங்க.